2024–25 ஆண்டறிக்கை: கடலூர் பெண்ணையாற்றுக் கரைக் குடியிருப்போர் நலச் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை வண்டி, பூங்கா விவரங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரமும் பணமும் பெரும்பாலும் வெள்ளத் தடுப்பு வேலைக்கே போனதால், அறிக்கையும் அதைப் பற்றியதே.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. மயிலம், புதுச்சேரி, ஊத்தங்கரை ஆகிய இடங்களில் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டி மழை. டிசம்பர் 2 அதிகாலை, பெண்ணையாற்றின் மேல்பகுதியில் உள்ள சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. அன்றே பெண்ணையாறு கடலூரில் கரை மீறியது. புயல் போய்விட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு வந்த வெள்ளம் இது. ஆகவே கார்த்திகை முடியும் வரை கடலூர் மழை அளவோடு சாத்தனூர் நீர்மட்டத்தையும் (முழு மட்டம் 119 அடி) திறப்பு அளவையும் காலை, மாலை இரு வேளையும் பலகையில் எழுத ஏற்பாடாகியுள்ளது. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணை வைத்துத் தெருவில் முடிவெடுக்க வேண்டாம். அது கப்பலுக்கும் படகுக்கும் உரியது. நமக்கு உரியவை வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளும் ஆட்சியர் அலுவலக அறிவிப்பும்.

முன்னறிவிப்பு உயிர் காக்கிறதா என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். 1999 ஒடிசா பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். அதே மாநிலத்தில் 2013 ஃபைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறப்பு நூறைத் தொடவில்லை. நம் மாவட்டம் 2004 சுனாமியில் அறுநூறு பேரளவில் இழந்தது. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28-க்கு, அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்வதற்கு ஆள்தான் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

ஆனால் எச்சரிக்கை எட்டாத சாவுகள் இன்னும் இருக்கின்றன: சுவர் விழுந்து, மின்சாரம் தாக்கி, தெரியாத பள்ளத்தில் கால் வைத்து. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் 17 பேர் இறந்தது ஒரு மதில் சுவர் வீடுகள் மேல் சரிந்ததால். காற்றும் இல்லை, வெள்ளமும் இல்லை. இரவு மழை, அவ்வளவே.

அதனால் முதல் வேலையாக மதில்களைப் பார்த்தோம். கொத்தனாரை அழைத்து, மூன்று தெருக்களிலும் தூக்குக்குண்டு போட்டோம். ஆறடி உயரத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் விலகல் இருந்தாலோ, நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ சிவப்புக் குறி. ஒருபுறம் மண் நிரப்பி மேடாக்கிய மனைகளின் சுவர்களே மோசம். மதிலாகக் கட்டிய சுவர் அங்கே மண் தாங்கும் சுவராக வேலை செய்கிறது. நாலரை இஞ்ச் சுவருக்கு அந்த வலு கிடையாது. மண் நனைந்தால் எடை கூடும், உள்ளே தேங்கும் நீர் வேறு தள்ளும். அந்த நீரை வெளியேற்றத்தான் அடியில் துளை விடுவது. நாம் பார்த்த சுவர்களில் பலவற்றில் துளையே இல்லை. இருந்த ஒன்றிலும் ‘சுவரில் கறை படிகிறது’ என்று சிமெண்ட் வைத்து அடைத்து வெள்ளையும் அடித்திருந்தார்கள்! இப்போது ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று இஞ்ச் பிவிசி குழாய், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. உள்வாயில் ஒரு கூடை ஜல்லி கொட்டி, வலை கட்ட வேண்டும். இல்லையென்றால் களிமண் ஒரே மழையில் குழாயை அடைத்துவிடும். மண் சுவர் வீட்டார் கவனத்துக்கு: ஊறிய சுவர் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் விழும். வெயில் வந்துவிட்டதே என்று அன்றே உள்ளே படுக்கப் போக வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். ஃபியூஸும் எம்சிபியும் ஒயரைக் காக்கும். ஆளைக் காப்பது, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. அதைப் பொருத்தியும் பயனில்லாத வீடுகள் உண்டு. பழைய ஒயரிங்கில் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ சேர்ந்திருக்கும். ஆர்சிசிபி ஓயாமல் விழும் (தானே அணையும்). எலக்ட்ரீஷியன் அதை பைபாஸ் செய்துவிட்டுப் போய்விடுவார். பெட்டி சுவரில் இருக்கும், காவல் இருக்காது. மாதம் ஒருமுறை ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அது சும்மா இருக்கிறது என்று பொருள். இன்னொன்று, தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் வாசற்படி ஏறும் முன் மெயினையும் இன்வெர்ட்டரையும் இரண்டையும் அணைக்க வேண்டும். நீர் வடிந்த பின் சேறு புகுந்த ஸ்விட்ச் பெட்டிகளைத் திறந்து, காயவைத்து, சோதித்த பிறகே மெயினைப் போடலாம். ஜெனரேட்டரை மூடிய அறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஓட்டக் கூடாது; அதன் புகை தூக்கத்திலேயே கொல்லும்.

சாக்கடை மூடிகளின் இடங்களில் ஆளுயரக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டும் பொறுப்பைத் தெருவுக்கு இருவர் ஏற்றுள்ளனர். ஓடும் நீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், இரண்டடி இருந்தால் காரை இழுக்கும்.

அடுத்தது கிணற்று நீரில் கிருமி நீக்குவது. விட்டம் 2 மீட்டர், நீர் 5 மீட்டர் என்றால் சுமார் 15,700 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 40 கிராம் வருகிறது. இது தெளிந்த நீருக்கான அளவு; வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் கூடுதல் வேண்டும். வாளியில் குழைத்து, நீர் விட்டுப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கிணற்றில் விடவும். அடியில் நிற்பது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (நீரில் குளோரின் அளவு பார்க்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுபடி. சென்ற ஆண்டுத் திறந்து வைத்த மூட்டையை நம்ப வேண்டாம், அதில் வீரியம் போயிருக்கும்.

படுக்கையிலிருப்போர், டயாலிசிஸ் செய்வோர், இன்சுலின் போடுவோர், நிறைமாதக் கர்ப்பிணிகள் பட்டியல் தயார். ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே இவர்களை மாற்றுவது என்று செயற்குழு முடிவு. சிவப்புக்குக் காத்திருந்தால் ஆட்டோ வராது. பட்டியலில் பெயர் சேர்க்கக் கூச்சப்படும் குடும்பங்கள் உள்ளன. செயற்குழுவுக்கு வெளியே அது போகாது என்று உறுதி கூறுகிறேன்.

பேரிடர் சாவுக்கு அரசு நிவாரணம் 4 லட்சம் ரூபாய். இறப்பின் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அவசரப்பட்டு அடக்கம் செய்தால் பிறகு குடும்பம்தான் அலைய நேரும். உதவி எண்கள்: மாநிலம் 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108.

நிலுவை: சிவப்புக் குறியிட்ட சுவர்களில் நான்கு இன்னும் அப்படியே நிற்கின்றன. இரண்டில் உரிமையாளர் வெளியூர். மற்ற இரண்டில் ‘எங்கள் சுவர், எங்கள் இடம்’ என்கிறார்கள். விழுவது மறுபக்க வீட்டின் மேல். ஐப்பசி பிறக்கும் முன் இவற்றை இடிக்கவோ தாங்கு தூண் கட்டவோ உரிமையாளர்களுக்கு எழுத்தில் கேட்டு, நகலை மாநகராட்சிக்கு அனுப்ப இக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்