பைத்தான் பயிற்றுநர்களே, முதல் நாளிலேயே அந்தப் பிழையைக் காட்டிவிடுங்கள்

சிங்கப்பூரில் மாலை நேரங்களிலும் வார இறுதியிலும் பெரியவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியைக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கும், அதற்கான பாடத்திட்டத்தை வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

மென்பொருள் எழுதுவது என் தொழில். உங்களைப் போன்றவர்களிடம் படித்துவிட்டு வரும் நம்மவர்கள் சிலருக்கு ஓய்வு நேரத்தில் உதவி வருகிறேன். சுழற்சி புரியவில்லை, சார்பு எழுத வரவில்லை என்று அவர்கள் வருவதில்லை. அவற்றை நீங்கள் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அவர்களை நிறுத்திப்போடுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்ட் பாண்டாஸ்’. தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற நிரல்தொகுப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். வகுப்பில் ஓடிய நிரல் வீட்டில் ஓட மறுக்கிறது. இது தொடர்பாகத்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

அண்மையில் கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். கட்டளைகளைத் தட்டும் கறுப்புச் சாளரத்தில், தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப், ‘ரிக்கொயர்மெண்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பாண்டாஸ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில், நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்கிறது பைத்தான். “தம்பி, இதில் எது பொய் சொல்கிறது?” என்று கேட்டார்.

இரண்டுமே பொய் சொல்லவில்லை. அவருடைய கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தன. ஒன்று பைத்தானின் சொந்த இணையத்தளத்திலிருந்து இறக்கியது, மற்றொன்று, பைத்தானையும் பல தொகுப்புகளையும் சேர்த்துத் தரும் அனகொண்டாவோடு வந்தது. பிப் ஒன்றுக்குள் பாண்டாஸை வைத்தது. விஎஸ் கோட் மற்றொன்றை ஓட்டியது. வீட்டு எண் சரியாக இருந்தும் பக்கத்துப் புளோக்கில் போய்க் கதவைத் தட்டிய கதைதான். ‘இம்போர்ட் சிஸ்’ என்று ஒரு வரி, ‘பிரிண்ட்’ கட்டளைக்குள் ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ என்று அடுத்த வரி. எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பது முழு முகவரியோடு திரையில் வந்துவிட்டது. அந்த முகவரியை அப்படியே கறுப்புச் சாளரத்தில் தட்டி, அதன் பின்னால் ‘-எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்று சேர்த்தோம். நிரல் ஓடியது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்கு முன்பே அவர், இதெல்லாம் தம் வயதுக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்திருந்தார். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அந்த முடிவுதான்.

உலாவியில் ஓடும் கூகல் கோலாப் போன்ற நிரல் ஏடுகளில் வகுப்பை நடத்துவதன் வசதி எனக்குப் புரிகிறது. இரண்டு நாள் வகுப்பில் இருபது மடிக்கணினிகளோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? அங்கே பாண்டாஸ், நம்பை போன்ற தொகுப்புகள் எல்லாம் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கின்றன. ஆனால் மாணவர் அலுவலகத்துக்குப் போய்த் தம் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும் நாளில் அந்த வசதி கூட வராது. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களின், பயிற்சிக் கட்டணத்துக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. நடுவயதில் துணிந்து படிக்க வருகிறவர்களை இந்த ஒரு வரி திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொன்று. “பிழையில் எந்தப் பெயர் வருகிறதோ அதை பிப் கொண்டு நிறுவிக்கொள்ளுங்கள்” என்ற அறிவுரையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நிறுவும் பெயரும், நிரலுக்குள் அழைக்கும், அதாவது இம்போர்ட் செய்யும், பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. நிரலில் சிவி2 என்று எழுதுவதற்கு நிறுவவேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான். எஸ்கேலேர்ன் என்பதற்கு சைக்கிட்-லேர்ன். பிஎஸ்4 என்பதற்கு பியூட்டிஃபுல்சூப்4. பிஐஎல் என்பதற்கு பில்லோ; பராமரிப்பு நின்றுபோன பழைய பிஐஎல் தொகுப்பிலிருந்து கிளைத்தது பில்லோ, பழைய நிரல்கள் உடையாமலிருக்க இம்போர்ட் பெயரை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? ஊகித்துத் தட்டுவார். பைத்தான் தொகுப்புகள் குவிந்திருக்கும் பைபிஐ களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவைத்துத் தீய நிரல்களை ஏற்றியவர்கள் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். ஊகித்துத் தட்டும் பழக்கத்தை நாமே வளர்க்கலாமா?

கோப்புப் பெயரையும் சொல்லிவையுங்கள். தற்செயல் எண்களைத் தரும் ராண்டம் பற்றிய பாடத்துக்கான பயிற்சியை ராண்டம் என்ற பெயரிலேயே சேமிப்பது இயல்பு. ஓடும் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் பைத்தான் முதலில் தேடும் என்பதால், உண்மையான ராண்டத்துக்குப் பதிலாக மாணவரின் சொந்தக் கோப்பே உள்ளே வந்துவிடும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பு இதைக் கண்டுகொண்டு, கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கும்படி பிழைச்செய்தியிலேயே சொல்கிறது. பழைய பதிப்புகளில் அந்தக் குறிப்பு இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதல் நாளில் ஒரு மணி நேரம், மாணவரின் சொந்த மடிக்கணினியில், இந்தப் பிழையை வேண்டுமென்றே வரவழையுங்கள். இல்லாத ஒரு பெயரை இம்போர்ட் செய்யச் சொல்லுங்கள். சிவப்பாகக் கொட்டுவதைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழக்குங்கள். விஷயம் கடைசி வரியில்தான் இருக்கிறது. ‘சிஸ்.பாத்’ பட்டியலை அச்சிட்டு, பைத்தான் எங்கெங்கே தேடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். வெறும் பிப் என்று தொடங்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று தொடங்கும் வழக்கத்தை அன்றே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தொகுப்புகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள உதவும் மெய்நிகர் சூழலை உருவாக்கும் வென்வ் 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே பைத்தானோடு சேர்ந்து வருகிறது. அதை மேல்நிலைப் பாடமாகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. பாடக்குறிப்பில் பைத்தான் பதிப்பு எண்ணையும், ஒவ்வொரு தொகுப்புக்கும் நிறுவும் பெயர், இம்போர்ட் பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று நீங்கள் சொல்லலாம். பிழை வரியை மட்டும் ஒட்டிக் கேட்டால், அதுவும் பல நேரம் ‘பிப் இன்ஸ்டால்’ என்றுதான் தொடங்கும். மாணவர் அதைத்தான் ஏற்கெனவே செய்துவிட்டு வந்து நிற்கிறார். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று சேர்த்துச் சொல்லத் தெரிந்தால்தான் அதனிடமிருந்தும் உருப்படியான பதில் வரும்.

இந்த ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஒரு பக்கக் கையேட்டைத் தமிழில் எழுதித் தர நான் தயார். கட்டணம் எதுவும் வேண்டாம். திறன்பேசியில் படிக்கவும் அச்சிட்டுக் கொடுக்கவும் ஏற்றபடி செய்து தருகிறேன். உங்கள் அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு முன் சொன்னால் போதும்.

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து ஒரு நிரலாளன்