தலைப்பில் நிற்கும் எண்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், பழைய அச்சகமே அருங்காட்சியகமான பிளான்டின் மோரேட்டஸில் நீ எடுத்த அந்த மர அச்சுப்பொறிகளின் படங்களை அம்மாவிடமும் காட்டினேன். அவ்வூர் அச்சாளர் ஆபிரகாம் வெர்ஹூவன் 1605இலேயே உலகின் முதல் செய்தித்தாளை அச்சிட்டார் என்று ஆன்ட்வெர்ப்பில் சொல்கிறார்களே, அது மெய்தானா என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டு ஈய எழுத்து கோத்தவனிடம் கேட்டுவிட்டாய். பதில் சற்று நீளும்.

முதல் என்று நான் ஒப்பமாட்டேன். அப்போது அந்நாட்டை ஆண்ட ஆல்பர்ட், இசபெல்லா தம்பதியின் காலத்தில் அவருக்கு அச்சுரிமை கிடைத்தது 1605இல் என்பார்கள். ஆனால் 1620 வரை அவர் போட்டவை, சேதி வரும்போது மட்டும் வெளிவந்த தனித்தாள்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் யோஹான் கரோலஸ் 1605 வாக்கிலேயே வாரந்தோறும் செய்தி அச்சிடத் தொடங்கிவிட்டார். வெர்ஹூவன் 1620இல்தான் 'நியூவே தெய்டிங்கன்', அதாவது புதிய செய்திகள், என்ற தம் தாள்களுக்கு வரிசை எண் கொடுத்தார்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று நீ நினைக்கலாம். நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு வாரப்பத்திரிகைக்கு, போன வாரத்து இதழ் எண்ணை மாற்றாமலே ஒருமுறை பாரத்தை, அதாவது கோத்த எழுத்துகளை இறுக்கும் சட்டத்தை, பூட்டிவிட்டேன். ஒரு சந்தாதாரர், அதே எண் இரண்டு முறை வந்திருக்கிறது, நடுவில் ஓர் இதழ் எனக்கு வரவில்லையோ என்று கார்டு எழுதிவிட்டார். தனித்தாளுக்கு அப்படிக் காத்திருப்பவர் எவருமில்லை.

ஐரோப்பாவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் மோதிய முப்பதாண்டுப் போர் மூண்ட காலம் அது. 1620 நவம்பர் 8 அன்று ப்ராக் அருகே வெள்ளை மலையில் கத்தோலிக்கப் படை வென்றது. ஸ்பானிய ஆளுகையில் இருந்த ஆன்ட்வெர்ப்புக்கு அது தம் பக்கத்து வெற்றி. வெர்ஹூவனும் நடுநிலை பேசியவரல்லர், வென்றதை உரக்கவும் தோற்றதை மெல்லவும் சொன்னவர். வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று இதழ். ஒரு தாளின் இருபுறமும் நான்கு நான்கு பக்கமாக அச்சடித்து, இரண்டு மடிப்பு மடித்தால் எட்டுப் பக்கம். முகப்பில் மரப்பிளாக் படம். முற்றுகைச் செய்தி என்றால் கையில் இருக்கும் ஏதோ ஒரு கோட்டைப் படம் ஏறும். ஊர் மாறினாலும் பிளாக் மாறாது. நாங்களும் தீபாவளி மலருக்கு ஆண்டுதோறும் ஒரே குத்துவிளக்கு பிளாக்கைத்தான் போட்டோம், அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

1629இல் அந்த வரிசை நின்றது. பின்பு வாரத்துக்கு ஒருமுறை என்று சுருக்கி 1631 வரை நடத்திப் பார்த்தார். 1652இல் இறந்தபோது கையில் காசில்லை.

அசல் இதழை எங்காவது காட்டினால், எண் படத்துக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பார்த்து, அந்த ஒரு மூலையை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா