பழைய நாயனத்தை மேடைக்கு அழைக்கும் இளைய பேண்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு என்று ஓடிக்கொண்டிருக்கும் குழுவுக்கு ஒரு நாயனம் (நாதஸ்வரம்) சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. முகூர்த்தத்துக்குக்கூட யாரும் கூப்பிடாமல் வீட்டோடு இருக்கும் மூத்த வித்வான் ஒருவரைத் தேடிப் போகிறீர்கள். நல்ல காரியம். கல்யாண மண்டபத்துக்குள் செண்டை மேளமும் பென்டிரைவும் வந்த பிறகு வாத்தியத்தை உறையை விட்டே எடுக்காதவர்கள் காவிரிக் கரை ஊர்களில் எத்தனையோ பேர்.

ஆனால் பல மேடைகளில் நடப்பது வேறு. ஒத்திகை ஒரே ஒரு மாலை. நிகழ்ச்சியன்று முதல் பாட்டிலேயே அவருக்குச் சுருதி தட்டுகிறது, மூன்றாம் பாட்டில் உதடு சோர்கிறது, நான்காம் பாட்டில் ஒலிக்காரர் மைக்கைக் குறைத்துவிடுகிறார். "பெரியவருக்கு வயசாயிடுச்சு" என்று பேச்சு முடிகிறது. நாயனம், தவில், ஒலியமைப்பு ஆகிய வேலைகளில் இருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். அந்தச் சறுக்கலில் வயதின் பங்கு கொஞ்சம். உங்கள் ஏற்பாட்டின் பங்குதான் அதிகம்.

சுருதியிலிருந்து தொடங்குவோம், பாதிக் கோளாறு அங்கேதான். நாயனத்தில் டிரான்ஸ்போஸ் பொத்தான் கிடையாது. மரத்தில் குடைந்த நீளமும் துளையும்தான் சுருதி. நீளமான பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் நிற்கும், குட்டையான திமிரி நான்கு கட்டைப் பக்கம் போகும். கட்டை என்பது நம் சுருதி அளவு, ஒரு கட்டை என்றால் சி. அவரிடம் இருப்பது எது, எத்தனை கட்டை என்று முதல் நாளே கேளுங்கள். இரண்டு கட்டை என்றால் உங்கள் டி. கிட்டாரின் ஆறாவது கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும், திறந்த கம்பியே அவருடைய ஸட்ஜம் (ஆதார சுரமான ஸ). இரண்டரை என்றால் இ ஃபிளாட். ஆறு கம்பியையும் அரைச் சுரம் இறக்குங்கள், பேஸ் கிட்டாரையும் அப்படியே. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மூன்று ஏற்றினால் சி விசையை அமுக்கும்போது அவருடைய ஸட்ஜம் பேசும். நான்கு கட்டைத் திமிரி என்றால் எஃப், முதல் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டால் வேலை முடிந்தது. "எங்கள் பாட்டு எல்லாம் ஜி-யில் இருக்கு, நீங்க ஏத்தி வாசிங்க" என்று சொல்லும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு புல்லாங்குழல்காரர் பையிலிருந்து வேறு குழலை எடுப்பார். நாயனக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்.

கட்டை ஒத்துப்போனாலும் நூலளவு வித்தியாசம் இருக்கும். நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பழைய ஆச்சா மரத்தில் கடைந்த நல்ல நாயனம்கூட உங்கள் 440 ஹெர்ட்ஸுக்கு என்று கடையப்பட்டதில்லை. ஏசி அரங்கில் குளிர்ந்து கிடக்கும் வாத்தியம் கீழே நிற்கும், ஊதிச் சூடேற ஏறும். ஆகவே அவர் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊதிய பிறகு, அவருடைய ஸட்ஜத்தை டியூனரில் பார்த்து, நீங்கள் எல்லோரும் அதற்கு வாருங்கள். கீபோர்டில் மாஸ்டர் டியூன் என்று ஒரு பக்கம் உண்டு. 440-ஐ 444 ஆக்கினால் ஏறக்குறைய 16 சென்ட் ஏறும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சீவாளியை (வாயில் வைத்து ஊதும் துண்டு) அது செருகியிருக்கும் கெண்டை என்ற உலோகக் குழலில் கொஞ்சம் உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ, அடித்துளைகளில் மெழுகு வைத்தோ அவரும் சிறிது சரிசெய்வார். ஆனால் அது கடைசித் திருத்தத்துக்கு மட்டும். முன்பே பதிவுசெய்த டிராக்கை ஓடவிட்டு மேலே வாசிக்கச் சொல்வதாக இருந்தால், டிராக்கின் சுருதியை முதல் நாளே மென்பொருளில் நகர்த்தி வையுங்கள். மேடையில் அந்த டிராக் ஒரு இம்மியும் வளையாது. வளைய வேண்டியவர் அவர் ஒருவர்தான் என்றால் உதட்டின் பாதி பலம் அதிலேயே போய்விடும்.

கார்டு விஷயமும் சுருதியோடு சேர்ந்ததுதான். அவருடைய அந்தர காந்தாரம் உங்கள் கீபோர்டின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கீழே உட்காரும், அதுதான் இயற்கையான இடம். நீங்கள் அதே நேரத்தில் முழு மேஜர் கார்டை அழுத்திப் பிடித்தால் இரண்டும் உரசும், கேட்பவர் காதில் பழி அவர்மேல் விழும். அவர் ஆலாபனை செய்யும்போது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும். மோகனம், ஹம்ஸத்வனி மாதிரி ராகங்கள் கார்டைப் பொறுத்துக்கொள்ளும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, அசைவுதான் அந்தச் சுரம். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பெயர் சொன்னதும் தோடி ஞாபகம் வருகிற ஊர் இது. அதன்மேல் மைனர் கார்டு வைத்து அழகு பார்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது சீவாளி. நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டுதான் வாத்தியத்தின் உயிர். நெடுநாள் ஊதாதவரிடம் இருக்கும் சீவாளிகள் காய்ந்தோ வெடித்தோ இருக்கும், கெண்டையில் சுற்றிய நூல் தளர்ந்து காற்று கசியும். புதுச் சீவாளி வாங்கியதும் பேசாது. பல நாள் ஊதி, நனைத்து, வாய்க்குப் பழக்க வேண்டும். ஆகவே நீங்கள் கொடுக்கும் முதல் முன்பணம் சீவாளிக்கு இருக்கட்டும், அதுவும் நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னால். பழக்கிய சீவாளி மூன்று நான்காவது நாயனத்தோடு தயாராகத் தொங்க வேண்டும். நாயனத்தையும் ஒருமுறை ஆசாரியிடம் காட்டிவிடுவது நல்லது. உலவில் (நாயனத்தின் மரக் குழல்) மயிரிழை விரிசல் இருந்தால் கீழ்ச் சுரங்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், வாசிப்பவர் தன் மூச்சுதான் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது மேடை. நீங்கள் வழக்கமாகச் செய்வது: டிரம்ஸுக்கு ஒரு மணி நேரம் சவுண்ட் செக், கிட்டாருக்கு அரை மணி, "நாயனம்தானே, மைக்கே வேண்டாம், அதுவே கத்தும்" என்று அவருக்குக் கடைசி ஐந்து நிமிஷம். அதற்குள் அவர் ஏசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சீவாளி காய்ந்திருக்கும். முதலில் அவரைச் சரிபார்த்து அனுப்பிவிடுங்கள். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பு சூடேற்ற ஒரு தனி அறை கொடுங்கள்.

மைக்கை அணசுக்குள் (நாயனத்தின் விரிந்த அடிவாய்) நீட்டுவது எல்லோரும் செய்யும் தப்பு. நாதம் அணசு வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகத்தான் பெரும்பாலான சுரங்கள் வெளியேறும். அணசில் வைத்தால் சில சுரங்கள் பாயும், சில காணாமல் போகும். சாதாரண டைனமிக் மைக் ஒன்றை ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி, விரல் துளைகளின் கீழ்ப்பாதியைப் பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வாசிக்கும்போது அவர் நாயனத்தை உயர்த்துவார், திருப்புவார். அந்தத் தூரம் அதற்கும் இடம் கொடுக்கும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாராளமாக வெட்டலாம். காதைக் குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெசிபெல் குறையுங்கள், அதற்கு மேல் குறைத்தால் நாயனம் கிளாரினெட் ஆகிவிடும். தவிலும் வந்தால் அதற்கு இரண்டு மைக், விரல்களால் வாசிக்கும் வலந்தலைக்கு ஒன்று, கழி விழும் பக்கத்துக்கு ஒன்று.

எல்லாவற்றையும்விட முக்கியம் மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி. அவருக்குச் சுருதி கேட்கவில்லை என்றால் என்ன ஆகும் தெரியுமா? கீபோர்டு, டிரம்ஸ் இரைச்சலில் தன் ஸட்ஜத்தைத் தேடி அழுத்தி ஊதுவார். அழுத்தி ஊதினால் சுருதி ஏறும். ஏறியதை இறக்க உதட்டை இளக்குவார், நாதம் பிளிறும். மறுபடி இறுக்குவார். இந்த இழுபறியில் பத்தே நிமிஷத்தில் உதடு மரத்துப்போகும். நீங்கள் பார்ப்பது "மூச்சு இல்லாத கிழவர்". உண்மையில் அங்கே இல்லாதது ஒரு மானிட்டர். அவர் பக்கத்து மானிட்டரில் சுருதிப் பெட்டியும் தவிலும் (தவில் இல்லாவிட்டால் டிரம்ஸின் கிக்கும் ஸ்னேரும்) மட்டும் கேட்கட்டும். சிம்பலுக்கு நேர் முன்னால் அவரை உட்கார வைக்காதீர்கள். இரண்டு காதிலும் இயர் மானிட்டரைத் திணிப்பதும் உதவாது. காது அடைபட்டால் சீவாளி அதிர்வு மண்டைக்குள்ளேயே முழங்கும், வெளியே உள்ளது கேட்காது. வேண்டுமானால் ஒரு காதில் மட்டும்.

கிளிக்கை (லயம் காட்டும் டிக் டிக் ஒலி) அவர் காதில் போட வேண்டாம், டிரம்மர் காதில் போடுங்கள். "பதினாறு பார் கழிச்சு வாங்க" என்றும் சொல்ல வேண்டாம். நாலு நாலாக எண்ணும் பதினாறு பார், ஒரு பீட்டுக்கு ஓர் அட்சரம் என்று வைத்தால், எட்டு அட்சர ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). அப்படிச் சொன்னால் தூக்கத்தில்கூடச் சரியாக எடுப்பார். 7/8 பாட்டு மிச்ர சாபு தாளம், 5/8 கண்ட சாபு. நீங்கள் மாதக்கணக்கில் பழகிய அந்த ஏழு அவருக்குச் சின்ன வயசுச் சங்கதி. முடிவில் தீர்மானம் (முடிப்புத் தாளக் கோவை) மூன்று முறை வரும், எங்கே விழுகிறது என்பதை டிரம்மர் வாயால் சொல்லிப் பழக வேண்டும். கார்டு ஷீட் எதற்கும் ஆகாது. ஸ-ரி-க எழுதி, அவருடைய கட்டையில் சுருதியோடு பாடி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள்.

நாயனம் பெரும்பாலும் இரட்டையாக வாசிக்கப்படுவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் இழையை விடாமல் பிடிப்பார். உங்கள் மேடையில் அவர் தனி ஆள், இருவர் வேலையைச் செய்கிறார். முடிந்தால் அவருடைய மகனோ மகளோ சீடரோ துணை நாயனமாக வரட்டும். முடியாவிட்டால் வயலினோ கீபோர்டோ அவர் விட்ட சுரத்தை மெல்லப் பிடித்து நிற்கட்டும். அந்த இடைவெளியில் கிட்டார் சோலோ பாய வேண்டியதில்லை. பட்டியலில் தொடர்ந்து பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் அவரை வாசிக்க வைக்காதீர்கள், பிறகு ஒரு பாட்டு ஓய்வு.

நின்றுபோன வாசிப்பு திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். முதல் வாரம் காலையும் மாலையும் கால் மணி, வெறும் நீண்ட கார்வைகள் (ஒரே சுரத்தில் நிற்பது). பிறகுதான் பிருகா (வேகச் சுரங்கள்). உதடு வீங்கினால் மறுநாள் விட்டுவிட வேண்டும். முன்பல் போயிருந்தாலோ புதுப் பல் செட் போட்டிருந்தாலோ சீவாளியைக் கவ்வும் கோணமே மாறும், அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். அழுத்தி ஊதும் வாத்தியம் என்பதால் ரத்த அழுத்தம், கண் அழுத்தம், குடலிறக்கம் மூன்றையும் தொடங்கும் முன் ஒரு மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது. செலவு குழுவுடையது. ஒத்திகைக்கு ஆடியும் மார்கழியும் தோதான மாதங்கள், கல்யாணம் இருக்காது. மார்கழியில் விடியற்காலைக் கோயில் வாசிப்பு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோவில் ஒரு வார்த்தை: அவர் வாசித்ததைச் சுருதி திருத்தும் மென்பொருளில் போடாதீர்கள். சுரத்தின் அசைவான கமகம் படிக்கட்டாக உடையும்.

கடைசியாகப் பணம். பொன்னாடை சம்பளம் ஆகாது. மேடைத் தொகையில் உங்களில் ஒருவருக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. பயணம், தங்குமிடம், தவில்காரர் சம்பளம் தனி. நிகழ்ச்சி முடிந்த அன்றே அவர் கணக்குக்கு. பதிவு வேறு, மேடை வேறு, இரண்டுக்கும் தனித்தனித் தாள் தமிழில் எழுதுங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டம் வாசித்த கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமையும், தன் பெயர் போடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் தருகிறது. அந்தப் பாட்டின் ஆலாபனை அவர் கற்பனையில் பிறந்தது. யூடியூபில் "சிறப்பு விருந்தினர்" என்று போட்டுவிட்டு இசை என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் அது நியாயமில்லை.

உடையைப் பற்றி ஒரு வரி. நீங்கள் டி-ஷர்ட்டில் நிற்க, அவரை மட்டும் பட்டு வேட்டி, சந்தனம், குங்குமத்தோடு ஓரமாக நிறுத்துவது படத்துக்கு அழகு. நாயனக்காரர் எங்கே உட்காரலாம், என்ன உடுத்தலாம் என்று மற்றவர்கள் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது, ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் ஷெர்வானியுமாக வந்து அதை உடைத்தார். எதை உடுத்துவது, உட்கார்ந்தா நின்றா என்பதை ஐயாவிடமே கேளுங்கள். மேடையில் இடம் நடுவில்.

இப்படிக்கு,
நாயனம், தவில், ஒலியமைப்பு வேலையில் இருக்கும் சிலர்

பி.கு.: அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு கிண்ணம் தண்ணீர். ஒன்று குடிக்க, மற்றது சீவாளிக்கு. குடிக்கிற தண்ணீரில் ஐஸ் வேண்டாம்.