ஒரே பங்குக்கு மூன்று கணக்கு: உங்கள் ஏஐ உதவியாளர் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் செயலியின் வாடிக்கையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: செயலியில் உள்ள ஏஐ பங்கு மதிப்பீட்டுச் சேவை தவறான பிஇ விகிதம் (பங்கு விலையை ஒரு பங்கு வருமானத்தால் வகுத்தால் வரும் எண்) சொன்னது, சுட்டிக்காட்டியும் திருத்தாதது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். நான்கு வருடமாக உங்கள் செயலியில்தான் பங்கு வாங்கி விற்கிறேன். கடந்த மூன்று மாதமாக, மாதம் 299 ரூபாய் கட்டி ஏஐ மதிப்பீட்டுச் சேவையையும் பயன்படுத்தினேன். அது சொன்ன ஒரு கணக்கு அடியோடு தப்பு. அதைச் சொன்ன பிறகு அது நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சேவை வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை இருநூறு பக்கம் இருக்கும், எல்லாம் இங்கிலீஷில். முகமதிப்பு என்றால் என்ன, கடனுக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதத்தை எப்படிப் பார்ப்பது என்று தமிழில் கேட்டால் தமிழிலேயே பொறுமையாகச் சொன்னது. என்னை மாதிரி ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

ஆடி மாதம் எங்களுக்கு வேலை மந்தம். வைகாசிக் கல்யாண ஆர்டரில் மிச்சம் பிடித்த பணம் கையில் இருந்தது. ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, 312 ரூபாய்க்கு இருந்த ஒரு பங்கைப் பற்றி உங்கள் உதவியாளரிடம் கேட்டேன். ஒரு பங்கு வருமானம் 60 ரூபாய், பிஇ விகிதம் 5.2, இதே துறையில் இருக்கும் மற்ற கம்பெனிகளைவிட மிகவும் மலிவு என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு நேர் கீழே பச்சை நிறத்தில் ‘வாங்கு’ பொத்தான். மறுநாள் காலை 240 பங்கு வாங்கினேன். மொத்தம் 74,880 ரூபாய்.

ஆகஸ்டில் அந்தக் கம்பெனியின் ஜூன் காலாண்டு முடிவு வந்தது. மூன்று மாத இபிஎஸ், அதாவது ஒரு பங்கு வருமானம், 3 ரூபாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றை நான்கால் பெருக்கினால் 12 தானே வரும், 60 எங்கிருந்து வந்தது? பங்குச் சந்தை இணையதளத்தில் கம்பெனி கொடுத்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். விஷயம் இதுதான்: ஜூலைத் தொடக்கத்தில் கம்பெனி பங்கைப் பிரித்திருக்கிறது. பங்கின் மேல் குறித்திருக்கும் 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயாகி, ஒரு பங்கு ஐந்து பங்காகிவிட்டது. விலையும் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. உங்கள் ஏஐ விலையை மட்டும் புதிதாக எடுத்துக்கொண்டு, வருமானத்தை மே மாதம் வந்த பழைய கணக்கிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறது. 60-ஐ ஐந்தால் வகுத்தால் 12. 312-ஐ 12-ஆல் வகுத்தால் 26. மலிவே இல்லை. 26 என்று சொல்லியிருந்தால் நான் அந்தப் பங்கு பக்கமே போயிருக்க மாட்டேன்.

இதை அந்த உதவியாளரிடமே சொன்னேன். உடனே, ‘நீங்கள் சொல்வது சரி, மன்னிக்கவும், சரியான பிஇ 26’ என்றது. சரி, திருந்திவிட்டது என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து என் மகள் அவளுடைய கணக்கில் இதே கேள்வியைக் கேட்டாள். மறுபடியும் 5.2. அப்புறம் அவள் ஒரு காரியம் செய்தாள். வேண்டுமென்றே, ‘முகமதிப்பு 10-லிருந்து 5 ஆனது, ஒரு பங்கு இரண்டானது, அதைக் கணக்கில் எடுத்தாயா’ என்று பொய்யாகக் கேட்டாள். ‘நீங்கள் சொல்வது சரி, சரியான பிஇ 10.4’ என்று அதே பணிவோடு பதில் வந்தது. ஒரே பங்கு, ஒரே இரவு, மூன்று கணக்கு. கேட்பவர் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஒன்றிடம் எதைச் சரிபார்க்க முடியும்?

எங்கள் தொழிலில் கட்டி வெள்ளி வந்தால் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்த்துச் சீட்டு வாங்காமல் உருக்க மாட்டோம். அந்தச் சீட்டில் எடை இருக்கும், தேதி இருக்கும், பார்த்த கடையின் முத்திரை இருக்கும். டச் குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். உங்கள் பதிலில் அந்த 60 ரூபாய் எந்த அறிக்கையிலிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு வரி இல்லை. அது கம்பெனியின் தனிக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா என்பதும் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் பிரிப்புக்கு முந்தைய எண் என்று நானே பிடித்திருப்பேன்.

பங்கு 271-க்கு இறங்கியபோது விற்றுவிட்டேன். 9,840 ரூபாய் நஷ்டம். விலை இறங்கியதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. சந்தை ஏறும், இறங்கும். அறிக்கையை நானும் முதலிலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும், அது என் பக்கத்துத் தப்பு. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியதற்கு வந்த பதில் என்ன? ‘ஏஐ சில நேரம் பிழை செய்யலாம், இது தகவலுக்காக மட்டுமே, முதலீட்டு ஆலோசனை அல்ல.’ மாதம் 299 ரூபாய் வாங்கி, மதிப்பீடு என்று பெயர் வைத்து, மலிவு என்று சொல்லி, கீழே ‘வாங்கு’ பொத்தானையும் வைத்துவிட்டு, ஆலோசனை அல்ல என்றால் எப்படி? காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. 2025 பிப்ரவரியில் இடைத்தரகர் விதிகளில் செபி கொண்டுவந்த திருத்தம், ஏஐ கருவி தரும் முடிவுகளுக்கு அதைப் பயன்படுத்தும் நிறுவனமே பொறுப்பு என்கிறது. பழியை ஏஐ மேல் போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பங்குப் பிரிப்பு நடந்த, போனஸாக இலவசப் பங்கு கொடுத்த எல்லாக் கம்பெனிகளுக்கும் இபிஎஸ் கணக்கைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எடுத்த இடமும் தேதியும் வர வேண்டும். பதிலின் கீழே இருக்கும் ‘வாங்கு’ பொத்தானை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே பங்கைப் பற்றிக் கேட்டு 5.2 என்ற பதிலை வாங்கிய மற்றவர்களுக்கு, அது தவறு என்று இன்றே செய்தி அனுப்புங்கள். அவர்களில் பலர் இன்னும் அந்தப் பங்கைக் கையில் வைத்திருப்பார்கள். நான் கட்டிய மூன்று மாதக் கட்டணம் 897 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும்.

மூன்று பதில்களின் திரைப்பிடிப்புகளையும் கம்பெனியின் பங்குப் பிரிப்பு அறிவிப்பையும் இணைத்திருக்கிறேன். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிவேன். அங்கே நீங்கள் 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.