குழலை வாங்கும் முன் கட்டையைப் பார்

ஃபோர்ட் காலின்ஸ்,
ஏப்ரல்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ரேபிட் சிட்டியில் இன்னும் பனி விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே பனி போய்விட்டது, காற்றுதான் ஓய்ந்தபாடில்லை. வீட்டில் எல்லோரும் நலம். மற்றக் கதைகளை நேரில் பேசிக்கொள்வோம்.

800 டாலருக்குள், 300 கஜத்தில் பிரெய்ரி நாயை நம்பி அடிக்கிற போல்ட் துப்பாக்கி (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடுகிற வகை) ஒன்றைச் செய்துவிட முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் நீ போட்ட பட்டியலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். முதலில் புதுக் குழல், அப்புறம் ட்ரிகர், மிச்சம் இருக்கிற காசில் ஸ்கோப் என்று எழுதியிருக்கிறாய். குழல் கடைசி. நீ நினைக்கிற பிரச்சினைகளில் பாதி குழலில் இல்லவே இல்லை, குழலைத் தாங்கித் தோளில் பதிகிற கட்டையிலும் திருகுகளிலும் இருக்கிறது.

முதலில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கணக்குப் போடு. நாய் என்று பேர்தான், அணில் சாதி. நிமிர்ந்து நிற்கும்போது உடம்பின் அகலம் 3, 4 அங்குலம். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, குண்டுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை அதில்தான் சொல்வோம். 100 கஜத்தில் ஒரு எம்.ஓ.ஏ. என்பது 1.047 அங்குலம், 300 கஜத்தில் 3.14. முக்கால் எம்.ஓ.ஏ. துப்பாக்கி இருந்தாலே தாராளம். கால் எம்.ஓ.ஏ.வைத் துரத்திப் போகிறவன் காசை விடுவான், பலன் வராது. ஏனென்றால் 55 கிரெயின் (குண்டின் எடைக் கணக்கு) குண்டை நொடிக்கு 3,200 அடி வேகத்தில் விட்டாலும், மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 300 கஜத்தில் அதைப் பத்து அங்குலத்துக்கு மேல் தள்ளிவிடும். காற்றை 3 மைல் தப்பாகக் கணித்தால் மூன்று அங்குலம் போச்சு. உங்கள் ஊர்க் காற்றுக்கு இது பெரிய விஷயம்.

துப்பாக்கிக்கு என் யோசனை: பழைய சாவேஜ் 12 எஃப்.வி., .223 ரெமிங்டன் என்கிற தோட்டா அளவில். 26 அங்குலக் கனமான குழல், ட்ரிகரை நாமே கூட்டிக் குறைக்கலாம். கைமாறிய துப்பாக்கி 400, 450 டாலருக்குள் கிடைக்கும். அதோடு வருகிற பிளாஸ்டிக் கட்டை வெறும் குப்பை. விலை குறைவதற்கே அதுதான் காரணம், நமக்கு நல்லதுதான். .22-250 என்கிற தோட்டா வேகமானது, ஆனால் ஒரு நாளில் 200 தோட்டா சுடுகிற வேலைக்கு அது குழலின் தொண்டையைச் சீக்கிரம் தின்றுவிடும். .223க்குத் தோட்டாவும் மலிவு, குழலும் நீடிக்கும், உதைப்பும் இல்லாததால் குண்டு விழுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். .308 தோட்டாவுக்கான துப்பாக்கியை வாங்கி .223 ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. தோட்டாவின் அடி வட்டம் வேறு, அதனால் போல்ட் தலையையும் மேகசினையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

குழலுக்குள் இருக்கிற வரிகளின் முறுக்கு 1:9, அதாவது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இருந்தால் எடுத்துக்கொள். 50, 55 கிரெயினுக்கும் சரி, 69க்கும் சரி. பழைய 1:12 குழல்களில் லேசான ஈயக் குண்டு அழகாகப் போகும், ஆனால் ஈயமில்லாத குண்டு அதே எடைக்கு நீளம் கூட, அதனால் நிலைகொள்ளாமல் போகலாம். நீ ஈயமில்லாததை நினைத்துப் பார்ப்பது நல்லது. சுட்டுப் போட்டதைக் கழுகும் பருந்தும் தின்கின்றன, சிதறிய ஈயம் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது.

வாங்கியதும் ஒன்றையும் கழற்றாதே. குழலை நன்றாகச் சுத்தம் செய். முந்தையவன் விட்டுப்போன செம்பு நீல நிறமாகத் துணியில் வருவது நிற்கும்வரை செய். அப்புறம் இரண்டு மூன்று வகைத் தோட்டாவைப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார். மூன்று குண்டுக் குழுவை, அதாவது மூன்று ஓட்டைகளின் பரவலைப் பார்த்து மயங்காதே. சராசரிக் கணக்குப்படி, மூன்று குண்டில் 0.63 அங்குலம் காட்டுகிற துப்பாக்கி, பத்துக் குண்டில் ஓர் அங்குலம் காட்டும். துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. பாக்கெட்டில் ஒரு அரை அங்குலக் காகிதத்தை வைத்துக்கொண்டு திரிகிறவர்களிடம் மிச்ச ஏழு ஓட்டை எங்கே என்று கேட்க வேண்டும்.

இனி கட்டை. உங்கள் தெற்கு டகோட்டாவிலேயே, மிட்செல் ஊரில் கட்டை செய்கிற பாய்ட்ஸ் கம்பெனி இருக்கிறது. அவர்களுடைய லேமினேட் கட்டை 150 டாலரிலிருந்து கிடைக்கும், கனமானது, வளையாது. ஆர்டர் போடுமுன், போல்ட் ஓடுகிற கூடான ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கிற இரண்டு ஆக்‌ஷன் திருகுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்துகொள். சாவேஜின் பழைய குட்டை ஆக்‌ஷனில் அது சுமார் 4.27 அங்குலம், பிந்தியவற்றில் 4.4. மாற்றி வாங்கினால் கட்டை திரும்பிப் போகும், தபால் செலவு உன்னுடையது. குழல் தடிமனுக்கேற்ற பள்ளம்தானா என்பதையும் பார். வந்ததும் ஒரு டாலர் நோட்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே விட்டு, நுனியிலிருந்து ரிசீவர்வரை இழு. எங்கே சிக்குகிறதோ அங்கே உப்புத்தாளை ஒரு உருண்டைக் குச்சியில் சுற்றித் தேய். ஒரு நோட்டு போனால் போதாது, குழல் சூடாகும், கட்டையும் ஈரத்தில் உப்பும். அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒன்று) இடைவெளி வை.

அடுத்தது பெட்டிங், அதாவது ரிசீவர் ஆடாமல் உட்காரும்படி கட்டையில் எபாக்ஸி வார்ப்பது. அதற்கு ஒரு சனி ஞாயிறு ஒதுக்கு. டெவ்கான் ஸ்டீல் புட்டியோ மரைன்-டெக்ஸோ போதும். உதைப்பைக் கட்டைக்குக் கடத்துகிற ரிகாயில் லக் என்கிற இரும்புத் துண்டைச் சுற்றியும், பின் திருகைச் சுற்றியும் கட்டையில் அரை நூல் ஆழத்துக்குச் சுரண்டி எடு. லக்கின் முன்பக்கம், இரு ஓரம், அடிப்பக்கம் ஆகியவற்றில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டு. பின்பக்கம் மட்டும் வெறுமனே இருக்கட்டும், உதைப்பைத் தாங்கப் போகிற முகம் அதுதான். குழலின் நுனிப்பக்கம் டேப் சுற்றி, பள்ளத்தின் நடுவில் உட்காரும்படி செய். பிறகு எபாக்ஸி படக்கூடிய எல்லா இடத்திலும் ஷூ பாலிஷை இரண்டு முறை பூசித் துடை. திருகின் மரையிலும் பூசு.

இந்த இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ரிசீவரில் உள்ள ஒவ்வொரு ஓட்டை, ட்ரிகர் பின் துளை, மேகசின் வெட்டு, எல்லாவற்றையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடை. ஒரு துளைக்குள் எபாக்ஸி புகுந்து இறுகினால் ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும், கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். திருகுகளை விரலால் பிடிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்கு. முழுக்க இறுக்கினால் ரிசீவர் வளைந்த நிலையிலேயே வார்ப்பு உறைந்துவிடும், நீ சரிசெய்ய நினைத்த கோளாறையே நிரந்தரமாக்கியதாகும். சாவேஜின் வால்பகுதி கட்டையில் எங்கும் படக்கூடாது. சுற்றிலும் கால் நூல் விடு. 24 மணி நேரம் கழித்து, குழலின் அடியில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் கழன்று வரும். வரவில்லையென்றால் பலத்தைக் காட்டாதே, உறைபெட்டியில் சில மணி நேரம் வை. இரும்பும் எபாக்ஸியும் ஒரே அளவில் சுருங்காது, விட்டுக்கொடுக்கும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரல்நுனியை வைத்துக்கொண்டு முன் திருகைத் தளர்த்து. அசைவு தெரிந்தால் எங்கோ அழுத்தம் இருக்கிறது. டயல் கேஜ் வைத்து அளந்தால், அந்த அசைவு 0.002 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். கடைசி இறுக்கம், வெறும் மரம் என்றால் 35 முதல் 40 அங்குல-பவுண்டு, திருகுத் துளையில் அலுமினியத் தூண் வைத்திருந்தால் 65வரை போகலாம். அங்குல-பவுண்டு, கவனம். அடி-பவுண்டு ரெஞ்சை எடுத்து 40 வைத்து இறுக்கினால் திருகின் தலை கையோடு வரும்.

ட்ரிகரைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. சாவேஜின் அக்யூட்ரிகர் என்றால் அதோடு வரும் சிறு சாவியால் குறைத்துக்கொள். அரத்தை மட்டும் எடுக்காதே. குறைத்தபின், தோட்டா இல்லாமல் போல்ட்டை மூடி, கட்டையின் அடியை ரப்பர் சுத்தியால் நாலு பக்கமும் தட்டு. விசை விழுந்தால் மறுபடி கூட்டு.

ஸ்கோப்புக்கு 200, 250 ஒதுக்கு. 24 மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதே. கோடைக் கானலில் 14க்கு மேல் ஏற்றினால் எல்லாம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். கண் நகர்ந்தாலும் குறி நகராமல் சரிசெய்கிற பாரலாக்ஸ் திருப்பி இருக்கிறதா, திருகை இருபது கிளிக் ஏற்றி இருபது இறக்கினால் குண்டு பழைய இடத்துக்கே வருகிறதா, அதுதான் முக்கியம். ஸ்கோப் உட்காரும் அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, 20 அங்குல-பவுண்டு. வளையத் திருகு 15 முதல் 18. “குழல் தேய்ந்துவிட்டது” என்று வருகிற துப்பாக்கிகள் பலவற்றில் தளர்ந்திருப்பது இந்தத் திருகுகள்தான்.

இவ்வளவுக்கும் 800ஐ ஒட்டி வந்துவிடும். இதன்பிறகும் 100 கஜத்தில் பத்துக் குண்டு ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால்தான் குழலை நினை. சாவேஜின் அனுகூலம் அங்கே. நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்து 1958இல் வந்த 110இலிருந்தே குழலை ஒரு நட்டால் பூட்டுகிறார்கள். பழைய முறைக் குழலுக்கு லேத் வேண்டும், இதற்கு வைஸும் ஸ்பேனரும், தோட்டா உட்காரும் அறையின் அளவைச் சோதிக்கிற கேஜும் போதும். அறை வெட்டி முடித்த குழல் 300 டாலர் பக்கம்.

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார். நட்டின் இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வை. குழலை வைஸில் கெட்டியாகப் பிடித்து, ஸ்பேனரை நிதானமாக இழுப்பதைவிடச் சுத்தியால் ஒரே அடி. நட் பள்ளமில்லாமல் மழமழப்பாக இருந்தால் அதற்கென்று கவ்வும் ஸ்பேனர் தனி. போல்ட் தலையிலிருந்து, காலி உறையைத் தள்ளிவிடுகிற எஜெக்டரைக் கழற்று. அதன் ஸ்பிரிங் கேஜைத் தள்ளினால் அளவு பொய்யாகும். உறையைப் பிடித்து இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றினால் உள்ளிருந்து ஒரு சிறு எஃகுக் குண்டு பறக்கும், பாலிதீன் பைக்குள் வைத்துச் செய்.

புதுக் குழலின் மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிச் சிக்காமல் காக்கிற பசை) தடவி, ரிசீவரில் சில சுற்று திருகிக்கொள். ‘கோ’ கேஜை அறையில் வைத்துப் போல்ட்டை மூடி, லக் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கேஜில் இடிக்கும்வரை கையால் திருகு. பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கு, 40 அடி-பவுண்டு பக்கம். இறுக்கும்போது நட் குழலை முன்னால் இழுக்கும், மரையின் ஆட்டம் எடுபட்டு அளவு ஒரு பொட்டு கூடும். மரை அங்குலத்துக்கு 20, ஒரு சுற்று 0.050 அங்குலம். அதாவது 7 பாகை திரும்பினாலே ஆயிரத்தில் ஒன்று மாறிவிடும். ஆகவே இறுக்கியபின் திரும்ப அளக்காமல் விடாதே. ‘கோ’வில் போல்ட் தடையில்லாமல் மூட வேண்டும், ‘நோ-கோ’வில் மூடக் கூடாது. இரண்டையும் ஒரு விரலால் பார். கைப்பிடியை அமுக்கினால் அதன் நெம்புகோல் பலத்தில் எதுவும் மூடும். ‘நோ-கோ’வில் மூடுகிற துப்பாக்கியைச் சுடவே சுடாதே, மறுபடி கழற்று. மனதில் சந்தேகம் இருந்தால் துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் காட்டு, அதற்கு ஆகும் காசு வீண் இல்லை.

முதல் ஐந்து தோட்டாவைக் கடைச் சரக்காகவே சுட்டு, காலி உறைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் உறை அங்கே இழுபட்டிருக்கிறது, நிறுத்திவிடு. மலிவு என்று ராணுவ 5.56 தோட்டாவை .223 அறையில் போடாதே, அழுத்தம் ஏறும்.

இரண்டு விஷயம் மறப்பதற்குள். உங்கள் மாநிலத்துக் கொனாட்டா பேசின் பக்கம் துப்பாக்கியோடு போகாதே. 1981இல் வயோமிங்கின் மீட்டீட்ஸியில் மறுபடி கண்ணில்பட்ட அந்தக் கருங்கால் ஃபெரெட் என்கிற, கீரி போன்ற அபூர்வப் பிராணியின் வம்சத்தை விட்டிருக்கிற இடம், அதற்குச் சோறே பிரெய்ரி நாய்தான். அங்கே சுடத் தடை. பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் நிலத்தில் சுடு. அப்புறம் உன் மச்சினன் வருகிறேன் என்கிறானே, அவன் எச்-1பி விசாவில் இருக்கிறான். அந்த விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு ஒன்று இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அவனை முதலில் அதை வாங்கச் சொல்.

ஜூனில் அந்தப் பக்கம் வருகிறேன். .223 கேஜ் இரண்டும், அங்குல-பவுண்டு ரெஞ்சும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை நீ வாங்காதே. கட்டை வந்ததும் திருகுத் துளைகளின் தூரத்தை அளந்து எழுது.

அன்புடன்,
பாலு