அயர்லாந்து ஜெயித்தது அதிர்ஷ்டத்திலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மகளிர் ஹாக்கி கட்டுரை, 2018 லண்டன் உலகக் கோப்பைக் காலிறுதியில் இந்தியா அயர்லாந்திடம் தோற்றதற்கு ஷூட் அவுட் அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லிக் கடந்துவிட்டது. அன்று எதிரணிக் கோலில் நின்றவரின் பெயர்கூட அதில் இல்லை. அவர் அயீஷா மெக்ஃபெரன். வட அயர்லாந்தின் லார்ன் ஊர்க்காரர். (ஹாக்கியில் அயர்லாந்துத் தீவு முழுவதற்கும் ஒரே அணிதான்.) அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர், பிறகு நெதர்லாந்து கிளப்களுக்கும் போனார்.

ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியைத் தீர்மானிக்கும் ஹாக்கி ஷூட் அவுட், கால்பந்து பெனால்டி போன்றதல்ல. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை ஓட்டி வருபவருக்கு எட்டு விநாடிதான் அவகாசம். கோல்கீப்பர் முன்னே ஏறிவந்து கோணத்தை அடைத்து, அவரை ஓரமாகத் தள்ளினாலே பாதி வேலை முடிந்தது. அன்று ராணி ராம்பால் உட்பட நம் முதல் மூன்று பேராலும் கோல் போட முடியவில்லை. நம் கோல்கீப்பர் சவிதாவும் சளைத்தவர் அல்ல, அயர்லாந்தின் முதல் இரண்டு முயற்சிகளும் வீண்தான். கடைசியில் 3-1. அதே தொடரின் லீக் ஆட்டத்திலும் நாம் 0-1 என்று தோற்றிருந்தோம். ஷூட் அவுட் நீங்கலாக இரண்டு ஆட்டம், 120 நிமிடம், மெக்ஃபெரனைத் தாண்டி ஒரு பந்துகூடப் போகவில்லை. இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

அரையிறுதியில் ஸ்பெயினையும் ஷூட் அவுட்டில்தான் வென்றார்கள். இறுதியில் நெதர்லாந்து ஆறு கோல் போட்டது, சரி. ஆனாலும் தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருது மெக்ஃபெரனுக்கே கிடைத்தது. அதற்குச் சிறிது காலம் முன்புவரை நாட்டுக்காக ஆட ஆளுக்குச் சில நூறு யூரோ கைக்காசு கட்டிய அணி அது! 2019 நவம்பரில் டப்ளினில் கனடாவுடன் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றைப் பாருங்கள். இரண்டு ஆட்டமும் 0-0. ஷூட் அவுட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்தவர்கள் 4-3 என்று ஜெயித்தார்கள். அயர்லாந்து மகளிர் ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்குப் போனது அதுவே முதல்முறை. மூன்று ஷூட் அவுட்டிலும் கோலில் நின்றவர் ஒருவரே.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நாம் அவர்களை வென்றோம் என்பதும் உண்மை. ஆனால் ஆட்டம் முடிய மூன்றே நிமிடம் இருக்கும்போதுதான் நவ்நீத் கௌரால் கோல் போட முடிந்தது. அப்புறம், அயர்லாந்து பிரிட்டனிடம் தோற்றதால்தான் நமக்குக் காலிறுதிக் கதவு திறந்தது. அதிர்ஷ்டம் என்று எழுத வேண்டுமானால் அதை எழுதலாம்.

ஒரு வேண்டுகோள். ஹாக்கிச் செய்திகளில் கோல் போட்டவர்கள் பெயரோடு, கோல்கீப்பர் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். சவிதாவுக்கும் அது சேர வேண்டிய மரியாதை.

இப்படிக்கு,
ஹாக்கி ரசிகர் ஒருவர்,
கோவில்பட்டி