வலியையும் முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லீரல் கட்டிக்குச் செல்லும் ரத்தக்குழாயை நுண் உருண்டைகளால் அடைக்கும் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கல்லீரலின் நல்ல பகுதிக்குப் பெரும்பாலான ரத்தம், குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியே வருகிறது. கட்டியோ கல்லீரல் தமனியை நம்பி வளர்கிறது. அதனால்தான் 1 மில்லிமீட்டருக்கும் சிறிய உருண்டைகளைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் அந்தத் தமனிக்குள் செலுத்திக் கட்டியைப் பட்டினி போட முடிகிறது. இதைச் செய்தி தெளிவாக விளக்கியது. ஆனால் பெரிய அறுவை இல்லை, தழும்பு இல்லை என்பதோடு நின்றுவிட்டது. அப்புறம் வரும் நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் அம்மா இந்தச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய இரண்டாம் இரவு காய்ச்சல், குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி. கிருமித்தொற்றோ என்று பயந்து விடியும்வரை விழித்திருந்தோம். கட்டியின் திசு மடியும்போது பலருக்கும் சில நாட்கள் இப்படி இருக்கும் என்று மறுநாள் மருத்துவர் சொன்னார். சரி, அதை முன்பே சொல்லியிருக்கலாமே! எந்தக் காய்ச்சல் தானாக அடங்கும், எதற்கு உடனே திரும்பி வர வேண்டும், இரவில் யாரை அழைப்பது என்று நோயாளியின் தாய்மொழியில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளை, வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவமனைகள் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி